உள்ளூர்ப் பலகையில் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

கோலாலம்பூரின் செந்தூலிலும் கெப்போங்கிலும் வீட்டு முன்கூடத்தில் கிட்டார் செய்யும் தம்பிகள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே சிலதான். பலகை மட்டும் மாறும். ஒருவர் மெராந்தி, இன்னொருவர் மெர்பாவ், வேறொருவர் இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்த செங்கால் உத்தரம். அந்தக் கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும். மரத்தையோ ஃபிரெட்டையோ (விரல் வைக்கும் பக்கத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) செதுக்கும் வேலை கடைசியில்தான். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள். வீணாகிப்போன நெக்குகளில் (கிட்டாரின் கழுத்து) பெரும்பாலானவை, டிரஸ் ராடை, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியை, கால் சுற்று திருப்பியிருந்தால் சரியாகியிருக்கும். அதற்குள் ஃபிரெட்டில் அரம் ஓடிவிட்டது.

இங்கே வரும் அளவுகள் 648 மி.மீ. ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), 10–46 தந்தி (பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), நான்கு ஸ்குரூவில் மாட்டும் நெக் ஆகியவற்றுக்கானவை. முதல் கிட்டார் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

## எதையும் திருப்புவதற்கு முன்

புதுத் தந்தி மாட்டி, சரியாக ட்யூன் செய்து, கிட்டாரை எந்த அறையில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த அறையில் ஒரு இரவு வையுங்கள். ஏர்கோன் அறையில் வாசிப்பவர் ஏர்கோன் அறையிலேயே வைக்க வேண்டும். மறுநாள் மூன்று அளவுகளை எடுத்துத் தாளில் எழுதுங்கள்.

முதலாவது, நெக்கின் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, தடித்த 6வது தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். 7, 8வது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

அடுத்து நட் உயரம். நட் என்பது நெக்கின் தலைப்பக்க முனையில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் சின்னக் கட்டை. தந்தியை 3வது ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு கோடு வெளிச்சம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக 12வது ஃபிரெட்டில் தந்தியின் உயரம். மெல்லிய தந்திக்கு 1.6 மி.மீ., தடித்த தந்திக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்கலாம்.

அளக்கிற வரிசையிலேயே சரிசெய்ய வேண்டும்: நெக், நட், அப்புறம் பிரிட்ஜ் (பாடியில், அதாவது கிட்டாரின் உடலில், தந்திகளைத் தாங்கும் பாகம்). பிரிட்ஜிலிருந்து ஆரம்பித்தால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

## அறிகுறி: தந்தி ஃபிரெட்டில் உரசி இரைகிறது

எந்த இடத்தில் இரைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் நிதானமாக மீட்டி, இரையும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

### விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைகிறது

நட்டில் அந்தத் தந்தியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. 3வது ஃபிரெட்டில் அழுத்திப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் வெளிச்சமே தெரியாவிட்டால் உறுதி. பள்ளத்தில் கொஞ்சம் சமையல் சோடாவைத் தூவி, சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் மறுபடி மெல்ல ராவலாம். சில மாதம் தாங்கும். புது நட் வைப்பதுதான் நிரந்தரமான தீர்வு. மிச்சம் கிடக்கும் பலகைத் துண்டில் நட் செய்ய ஆசை வரும். வேண்டாம். தந்தி இழுபட இழுபட மரம் பள்ளமாகும், தந்தியும் சிக்கும். எலும்பு நட் வாங்கிவிடுங்கள்.

### 1 முதல் 5வது ஃபிரெட் வரை இரைகிறது

நெக் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள். சாவி சரியாகப் பொருந்துகிறதா என்று முன்பே பாருங்கள். 4 அல்லது 5 மி.மீ. ஆலன் சாவிதான் பெரும்பாலும் வேண்டியிருக்கும். தளர்த்தியபின் சில மணி நேரம் விட்டு மறுபடி அளங்கள். செங்கால், கெம்பாஸ் மாதிரி கெட்டிப் பலகையில் செய்த நெக் சட்டென்று அசையாது. மறுநாள் வரைகூட நகர்ந்துகொண்டிருக்கும்.

முழுக்கத் தளர்த்திய பிறகும் பின்வளைவு போகவில்லையா? ஒரே பக்கம் வேலை செய்யும் ராடைப் போட்டிருப்பீர்கள். அது முன்வளைவை மட்டும்தான் எடுக்கும். ஒரு படி தடித்த தந்தி மாட்டிப் பாருங்கள். கூடுதல் இழுவையிலேயே சில நெக்குகள் சரியாகிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஃபிரெட் பள்ளத்தைப் பாருங்கள். கெட்டியான ஃபிங்கர்போர்டில் (ஃபிரெட் பதிக்கும் மேல் பலகை) பள்ளம் குறுகலாக இருந்தால், அடித்து இறக்கிய ஒவ்வொரு ஃபிரெட்டும் ஆப்பாக நின்று மரத்தைப் பின்பக்கம் தள்ளும். இருபத்திரண்டு ஃபிரெட்டும் சேர்ந்தால் நெக் வளையாமல் என்ன செய்யும்? ஃபிரெட்டைக் கழற்றி, பள்ளத்தை ஒரு இழை அகலப்படுத்தி, மறுபடி போட வேண்டும். மென்மரத்தில் செய்து பழகிய அளவை அப்படியே செங்காலில் வைத்தால் இது நிச்சயம் வரும். ஃபிரெட் வாங்கியபின் அதன் தண்டின் பருமனை வெர்னியரில் அளந்து, வீணான துண்டுப் பலகையில் ஒரு பள்ளம் அறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஃபிங்கர்போர்டைத் தொடுங்கள்.

### ஒரே ஒரு ஃபிரெட்டுக்கு முன்னால் மட்டும் இரைகிறது

அடுத்த ஃபிரெட் உயர்ந்து நிற்கிறது. மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் தொடும் நீளத்தில் நேரான இரும்பு விளிம்பு ஒன்றை வைத்து ஆட்டிப் பாருங்கள். உடைந்த ஸ்டீல் ரூலர் துண்டு போதும். ஆடினால் நடுவில் உள்ளது உயரம்.

அரம் வேண்டாம், முதலில் விரல் நகத்தால் ஃபிரெட்டின் இரு முனைகளையும் அழுத்துங்கள். இறங்கி எழுகிறதா? அப்படியானால் அது கிளம்பிய ஃபிரெட். நைலான் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கி, ஓரத்தில் நீர்த்த சூப்பர் குளூ விட்டு, கிளாம்ப் போட்டுக் காயவிடுங்கள். பக்கத்து மரத்தில் குளூ பரவாமலிருக்க முன்பே மெழுகு தடவுங்கள்.

அசையாமல் உயரமாக நிற்கிறதென்றால் மட்டும் அந்த ஒன்றை ராவலாம். மேலே மார்க்கர் மையைத் தடவிக்கொண்டு, மை அழியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே ராவுங்கள். தலை தட்டையானால் மறுபடி உருட்டையாக்க வேண்டும்.

### 12வது ஃபிரெட்டுக்கு மேல் எல்லாம் இரைகிறது

சேடிலை (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) இரண்டு சுற்று உயர்த்திப் பாருங்கள். போய்விட்டால் சரி. போகவில்லையென்றால் நெக் பாடியோடு சேரும் இடத்தில் மரம் மேலே எழும்பியிருக்கிறது. நீளமான நேர்கோலை ஃபிரெட்டுகளின் மேல் வைத்தால் 14, 15 பக்கம் மேடு தெரியும். நெக்கைக் கழற்றி, பாக்கெட்டின் (பாடியில் நெக் உட்காரும் குழி) அடியில் மரத்தூள், பெயிண்ட் கட்டி, பாதி மட்டும் வைத்த அட்டைத் துண்டு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அட்டையைப் பாதிக்கு வைத்தால் மீதி இடம் வெற்றாக இருக்கும். ஸ்குரூவின் இழுப்பில் நெக்கின் அடி அந்த வெற்றிடத்துக்குள் வளைந்துவிடும்.

மேடு 0.3 மி.மீ.க்கு மேல் இருந்தால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். மேல் ஃபிரெட்டுகளைக் கழற்றி, ஃபிங்கர்போர்டைச் சமப்படுத்தி, மறுபடி ஃபிரெட் போடும் வேலை அது. ஃபிரெட்டை மட்டும் ராவிச் சமாளித்தால் தகடு மாதிரி மெலிந்துவிடும்.

## அறிகுறி: தந்தி உயரமாக நிற்கிறது, விரல் வலிக்கிறது

முதலில் எழுதிவைத்த வளைவைப் பாருங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்குங்கள். ராட் கல் மாதிரி நின்று, வளைவும் குறையாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்தால் மரை அறுந்துவிடும். அறுந்த ராடை எடுக்க ஃபிங்கர்போர்டையே பெயர்க்க வேண்டும்.

வளைவு சரியாக இருக்கிறது, சேடிலும் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, இன்னும் உயரம் என்றால் நெக் உட்காரும் கோணம்தான் காரணம். 25 மி.மீ. கனமுள்ள நெக் அடிக்குப் பாக்கெட் 16 மி.மீ. ஆழம் வேண்டும். பாக்கெட்டின் நான்கு மூலையிலும் ஆழத்தை அளங்கள். ரௌட்டர் (மரம் குடையும் இயந்திரம்) சாய்ந்து ஒரு மூலை மேடாக விடப்பட்டிருப்பது சகஜம், அதைச் சமப்படுத்தினாலே போதும். ஆழம் சரியாக இருந்து உயரம் குறையாவிட்டால், பாக்கெட்டின் பிரிட்ஜ் பக்க விளிம்பில் 0.5 மி.மீ., மறு விளிம்பில் ஒன்றுமில்லாமல் சரியும் மரச் சிம்பு ஒன்றை முழு நீளத்துக்கும் வையுங்கள். அதே பலகையின் சீவல் இருந்தால் ரொம்ப நல்லது.

சேடிலை உச்சிக்கு உயர்த்தியும் தந்தி படுத்திருக்கிறது என்றால் அதே சிம்பைத் திருப்பி வைக்க வேண்டும்.

## அறிகுறி: மாதத்துக்கு ஒரு முறை எல்லாமே மாறுகிறது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நம் ஊரில் கையால் செய்த கிட்டாருக்கு வரும் கோளாறுகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

திறந்த வெளியில் காற்றில் உலர்ந்த பலகை கோலாலம்பூரில் 15, 16 சதவீத ஈரத்தோடு நின்றுவிடும். எவ்வளவு காலம் வைத்தாலும் அதற்குக் கீழே போகாது, ஏனென்றால் சுற்றியிருக்கும் காற்றே அவ்வளவு ஈரம். அந்தப் பலகையில் கிட்டார் செய்து, நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் ஸ்டூடியோவிலோ தேவாலயத்திலோ வைத்தால் மரம் இன்னும் சில சதவீத ஈரத்தை இழக்கும். இழக்கும்போது சுருங்கும். நெக் நகரும், ஃபிரெட் முனை நீட்டும், ஒட்டு விரியும். அமெரிக்க வழிகாட்டிகளில் 6 முதல் 8 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் வீட்டுக் காற்றுக்குச் சரி. நமக்கு 10 முதல் 12 சதவீதத்தில் பலகையை நிறுத்தினால் ஏர்கோன் அறைக்கும் முன்கூடத்துக்கும் இடையே ஓரளவு தாங்கும்.

### செலவில்லாத சோதனை

இனிமேல் செய்யப்போகும் நெக்குக்கு: பலகையைச் சற்றுப் பெரிதாக அறுத்து, வாசிக்கப்போகும் அறையிலேயே நாலு பக்கமும் காற்றுப்படும்படி குச்சிகளின் மேல் அடுக்குங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்றபின் இழைக்கலாம். ஈரமானி இல்லாமலே இது நம்பகமான வழி.

ஏற்கெனவே செய்துவிட்ட கிட்டாருக்கு: கொஞ்ச நாள் ஒரே அறையில் வையுங்கள். டிரஸ் ராடைச் சரிசெய்து, அளவுகளை வாரந்தோறும் எழுதுங்கள். பெரும்பாலான நெக்குகள் தானாகவே ஒரு நிலைக்கு வந்து நிற்கும். நிற்கும் வரை ஃபிரெட் சமப்படுத்தும் வேலையைத் தொடவே கூடாது. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும் நாட்களில் ஒரு முறை கால் சுற்று தேவைப்பட்டால் அது கோளாறில்லை.

### நெக் முறுகியிருக்கிறது

முதல் ஃபிரெட்டில் ஒரு நேர்கோல், கடைசி ஃபிரெட்டில் ஒரு நேர்கோல், இரண்டையும் குறுக்காக வைத்துத் தலைப்பக்கமிருந்து பாருங்கள். இரண்டு கோல்களும் இணையாகத் தெரியாவிட்டால் நெக் முறுகிவிட்டது. டிரஸ் ராடால் முறுக்கை எடுக்க முடியாது. ராடைத் திருப்பித் திருப்பி நாளை வீணாக்காதீர்கள்.

கோலின் முனையில் அரை மி.மீ.க்குள் என்றால், மரம் நிலைத்தபின் ஃபிரெட் சமப்படுத்தும்போதே சரிக்கட்டலாம். அதற்கு மேல் என்றால் ஃபிங்கர்போர்டைப் பெயர்த்துச் சமப்படுத்த ரிப்பேர்காரர் வேண்டும், இல்லாவிட்டால் புது நெக். என் அபிப்பிராயம்: முதல் கிட்டாரில் புது நெக் செய்வதே மேல். செலவும் குறைவு, இரண்டாவது நெக் முதலாவதைவிட நன்றாகவே வரும். இந்த முறை பலகையின் முனையைப் பார்த்து, வளையக் கோடுகள் செங்குத்தாக ஓடும் துண்டாகப் பொறுக்குங்கள். அது கிடைக்காவிட்டால் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் திருப்பி வைத்து ஒட்டுங்கள்.

ரப்பர் பலகை பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டன் பாட்டிமார் பால்வெட்டிய மரம் என்பதால் அதில் கிட்டார் செய்யப் பலருக்கு ஆசை உண்டு. எனக்கும் அந்த ஆசை புரிகிறது, பாடிக்கு அது நல்ல மரமும்கூட. ஆனால் கடையில் கிடைக்கும் பலகை பெரும்பாலும் சிறு துண்டுகளைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டியது. நெக்குக்கு அது ஆகாது. முழுத் துண்டு கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

## அறிகுறி: நெக் ஓரத்தில் ஃபிரெட் முனை கையைக் கீறுகிறது

ஃபிரெட் நீளவில்லை, ஃபிங்கர்போர்டின் அகலம் சுருங்கியிருக்கிறது. மேலே சொன்னபடி கிட்டார் ஏர்கோன் அறையில் சில வாரம் இருந்தபின் முனைகளை மெல்லிய அரத்தால் ஒரே சரிவில் ராவி, 400 எண் மணல்தாளால் தேய்த்து விடுங்கள். மரத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு செய்யவும். காய்வதற்கு முன் ராவினால் இரண்டாம் முறை செய்ய நேரிடும்.

## அறிகுறி: ட்யூன் நிற்கவில்லை

புதுத் தந்தி முதலில் நீளத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் 12வது ஃபிரெட் பக்கம் மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி ட்யூன் செய்து, மாறாத வரை தொடருங்கள். பெக்கில் (தந்தியை முறுக்கும் திருகு) தந்தி இரண்டு மூன்று சுற்று, கீழ்நோக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும்.

ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி திடீரென்று தாவினால் தந்தி நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரி தடவுங்கள். தற்காலிகமாகச் சரியானால் காரணம் அதுவேதான். பள்ளத்தைத் தந்தியின் பருமனுக்கு அகலப்படுத்துங்கள், ஆழம் கூடாமல்.

அதுவும் இல்லையென்றால் நெக்கைப் பிடித்து லேசாகப் பக்கவாட்டில் அசையுங்கள். சுருதி மாறிவிட்டு அப்படியே நின்றால் நெக் பாக்கெட்டில் இறுகி உட்காரவில்லை. பாடியில் உள்ள துளை ஸ்குரூவைவிடச் சற்றுப் பெரிதாக, ஸ்குரூ தடையில்லாமல் நுழையும்படி இருக்க வேண்டும். 4.2 மி.மீ. ஸ்குரூவுக்கு பாடியில் 4.5 மி.மீ. துளை. பாடியிலும் மரை பிடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு மரத்துக்கும் இடையே ஒரு இழை இடைவெளி நிற்கும். முதல் கிட்டாரில் இதை நான் பார்க்காத நாள் அபூர்வம். பெக்கை மாற்றச் செலவழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

## அறிகுறி: மேலே போகப்போகச் சுருதி விலகுகிறது

12வது ஃபிரெட்டின் மேல் விரலைத் தொட்டு எடுத்து வரும் மணி ஒலியையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வரும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய தந்தியில் இதைச் செய்யாதீர்கள், பொய் சொல்லும்.

### சேடில் எல்லைக்குப் போயும் பிடிபடவில்லை

நட்டின் முன்விளிம்பிலிருந்து 12வது ஃபிரெட் நடு வரை 324 மி.மீ. இருக்கிறதா? அங்கிருந்து மெல்லிய தந்தியின் சேடில் வரை அதே 324, தடித்த தந்திக்கு இன்னும் சில மி.மீ. கூடுதல். அந்தத் தூரத்துக்குச் சேடில் வராவிட்டால் பிரிட்ஜ் தவறான இடத்தில் இருக்கிறது. துளைகளைக் கெட்டி மரக் குச்சியும் பசையும் வைத்து அடைத்து, காய்ந்தபின் சரியான இடத்தில் துளையிடுங்கள். பிரிட்ஜ் மூடிவிடும், தழும்பு தெரியாது.

### முதல் மூன்று ஃபிரெட்டில் மட்டும் ஏறுகிறது

நட் உயரம். வேறெதையும் பார்க்க வேண்டாம்.

### நடுவில் சில ஃபிரெட் சரி, சில தவறு

ஃபிரெட் இடங்களை நட்டிலிருந்தே அளந்து பாருங்கள்: முதல் ஃபிரெட் 36.4 மி.மீ., 5வது 162.5, 7வது 215.5, 12வது 324, 19வது 431.8. ஒவ்வொரு ஃபிரெட்டையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்து குறித்தால் சிறு சிறு பிழை கூடிக்கொண்டே போகும். அரை மி.மீ.க்குள் விலகல் என்றால் காது பெரும்பாலும் பொறுக்கும். அதற்கு மேல் என்றால் பள்ளங்களை அடைத்து மறுபடி அறுக்க வேண்டும், அல்லது பள்ளம் அறுத்த ஃபிங்கர்போர்டு வாங்கி ஒட்ட வேண்டும். இரண்டாவதைச் செய்யுங்கள்.

## அறிகுறி: ஒலியே வரவில்லை, விட்டு விட்டு வருகிறது

வேறு கேபிள், வேறு கிட்டார் போட்டு ஆம்ப்ளிஃபயர் சரிதானா என்று பாருங்கள். அப்புறம் கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனிக்கும் தண்டுக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். வால்யூம் முழுக்கத் திறந்திருக்கட்டும்.

சுமார் 6 முதல் 9 கிலோ ஓம் காட்டினால் பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஒயரும் உயிரோடு இருக்கின்றன. 250 அல்லது 500 கிலோ ஓம் பக்கம் காட்டினால் மீட்டர் பாட்டை (வால்யூம் திருகியின் பொட்டென்ஷியோமீட்டர்) மட்டும்தான் பார்க்கிறது, பிக்கப் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. பூஜ்ஜியம் என்றால் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது: செம்பு டேப் ஒட்டிய பள்ளத்தில் ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) நுனிக் காது டேப்பைத் தொடுகிறதா என்று பிளக் செருகிய நிலையில் பாருங்கள். பிளக் செருகும்போதுதான் அது விரிந்து தொடும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஜாக்கின் சால்டர் விட்டிருக்கும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். டிரில் போட்ட மரத்தூள் பாட்டுக்குள் போயிருக்கும். அப்படியும் தீராவிட்டால் பாட்டை மாற்றுங்கள். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பக்கம் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாட், கெப்பாசிட்டர், ஒயர் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். பாட்டின் தண்டு நீளத்தைப் பார்த்து வாங்குங்கள், 45 மி.மீ. பாடியில் குடைந்த பள்ளத்தின் மேல் மிஞ்சிய மரத்தின் கனத்தைத் தாண்டித் தண்டு வெளியே வர வேண்டும்.

### ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்

தந்தியைத் தொடுங்கள்.

குறைந்தால் ஒயரிங் சரி, மறைப்புத்தான் போதவில்லை. பள்ளம் முழுக்கச் செம்பு டேப் ஒட்டி, எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, எர்த்தில் சேருங்கள். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கும்போது இரைச்சல் மாறினால் அது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் சுபாவம். அறையில் உள்ள மங்கலாக்கும் விளக்கு சுவிட்ச், ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள்.

மாறவே இல்லையென்றால் பிரிட்ஜுக்கு எர்த் ஒயர் போகவில்லை. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் தண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா மீட்டரில் பாருங்கள். பிரிட்ஜின் அடியில் வார்னிஷ் இருந்தால் ஒயர் இருந்தும் பயனில்லை, அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள்.

கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் போடுங்கள்.

### தந்தியிலோ மைக்கிலோ ஷாக் அடிக்கிறது

உடனே நிறுத்தி, சுவரில் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைக் கழற்றும் வரை கிட்டாரைத் தொட வேண்டாம். இது கிட்டார் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆம்ப்ளிஃபயரிலோ கட்டடத்தின் ஒயரிங்கிலோ எர்த் இல்லை. பழைய கடைவீடுகளிலும், திருவிழா மேடைக்கு நீட்டி இழுத்த ஒயரிலும் இது நடக்கிறது. எர்த் முள்ளை வெட்டினால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகும். ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் கடைக்குக் கொடுங்கள். கட்டடத்துக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். இங்கே நாமே செய்து பார்க்க எதுவும் இல்லை.

## அறிகுறி: வார்னிஷ் காயவில்லை, கறை வருகிறது, வெண்மை படிகிறது

நாட்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருந்தால் மரத்தின் பிசின்தான் காரணம். கெருயிங்கிலும் சில செங்கால் துண்டுகளிலும் வரும். எல்லாவற்றையும் தின்னரால் துடைத்தெடுத்து, புதிதாகத் தேய்த்த பரப்பை மறுபடி அசிட்டோனால் துடைத்து, உடனே மெல்லிய ஷெல்லாக் பூச்சு ஒன்று கொடுங்கள். அதன் மேல் வார்னிஷ் காயும். இதே மரங்களை ஒட்டுவதற்கு முன்னும் அசிட்டோனால் துடைக்க வேண்டும். ஒட்டு பிரிந்து வந்தால் பழைய பசையைச் சுரண்டி, புதுமரம் தெரியும்வரை இழைத்து, அன்றைக்கே ஒட்டுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியை உருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

லேக்கர் அடித்ததும் வெண்புகை படிந்தால் காற்றின் ஈரம் உள்ளே சிக்கிவிட்டது. காலையிலும் மழைக்குப் பிறகும் அடிக்காமல், வெயிலான நண்பகலுக்குப் பின் அடியுங்கள். படிந்த வெண்மைக்கு மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லியதாக ஒரு முறை தூவினால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

மெர்பாவில் வேறு ஒரு தொல்லை. 2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட அழகான மரம் இது, சுருங்குவதும் குறைவு, நெக்குக்கு நான் விரும்பும் பலகை. ஆனால் ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் விடும், இரும்பு பட்டால் கறுக்கும். வியர்வையில் வெள்ளைச் சட்டை கறைபட்டது என்று வருகிறவர்களுக்கு ஒரே பதில்: பின்பக்கமும் ஓரங்களும் உட்பட முழுக்க சீலர் அடியுங்கள், நெக் பாக்கெட்டையும் விடாமல். ஸ்டீல் வூல் போட்டுத் தேய்க்காதீர்கள். ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் அல்லது நிக்கல் பூசியதாக இருக்கட்டும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

பலகை என்ன மரமென்றே தெரியாவிட்டால், கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் மரத்தை இனங்கண்டு சொல்லும். இடிபாட்டில் எடுத்த உத்தரத்துக்கு அது மிகவும் உதவும்.

## அறிகுறி: ஸ்குரூ தலை உடைகிறது

செங்காலிலும் கெம்பாஸிலும் துளை சிறியதாக இருந்தால் ஸ்குரூதான் உடையும், மரம் விட்டுக்கொடுக்காது. துளையை ஸ்குரூவின் மரை நீங்கிய நடுத்தண்டின் பருமனுக்கு இடுங்கள். முதலில் கெட்டியான இரும்பு ஸ்குரூ ஒன்றில் மெழுகு தடவி உள்ளே விட்டு மரை உண்டாக்கி, எடுத்துவிட்டு, அழகான ஸ்குரூவைப் போடுங்கள். பெக்கின் சின்ன ஸ்குரூக்களுக்கு இது மிக அவசியம். உடைந்து உள்ளே நின்றதைப் பிடுங்க, அதைச் சுற்றி வெட்டும் குழாய் டிரில் வேண்டும். தலைப்பக்கத்தில் அந்த வேலையை முதல் முறை செய்பவர் செய்தால் மரம் பிளக்கும். ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: கனம் தாங்கவில்லை, நெக் கீழே சாய்கிறது

செங்கால் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். வழக்கமான கிட்டார் பாடி மரங்களைப் போல் இரு மடங்கு. 45 மி.மீ. கனத்தில் அதை முழுத் துண்டாக வைத்தால் அரை மணி நேரம் நின்று வாசிக்க முடியாது. ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் பின்பக்கத்தில் விலா படும் இடத்தைச் சரித்து எடுங்கள், கை படும் முன்விளிம்பையும். பிக்கார்டு (பாடியின் முன்பக்க மூடித் தகடு) மூடும் இடத்தின் அடியில் குடையலாம். பிரிட்ஜுக்கும் நெக் பாக்கெட்டுக்கும் அருகே குடையாதீர்கள். பின்பக்கம் எவ்வளவு மரம் மிஞ்சுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டே குடையுங்கள்.

நெக் சாய்வது வேறு பிரச்சினை. மெராந்தி மாதிரி லேசான பாடியில் கெம்பாஸ் நெக் மாட்டினால் வரும். முதலில் மேல் கொம்பின் ஸ்ட்ராப் பட்டனைப் பாருங்கள். அது 12வது ஃபிரெட்டுக்கு நேராகவோ அதைத் தாண்டித் தலைப்பக்கமோ இருந்தால் கிட்டார் நிற்கும். கொம்பு குட்டையாகிவிட்டது என்றால் பட்டனை நெக் இணைப்பின் பின்பக்கத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், ஒரு துளை மட்டும்தான் செலவு. அகலமான, உட்பக்கம் சொரசொரப்பான தோல் பட்டை வாங்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லேசான பெக்குகள். அப்படியும் சாய்ந்தால் அடுத்த பாடியை ஞாத்தோ மரத்தில் கொஞ்சம் நீண்ட கொம்போடு செய்து, இந்த நெக்கை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். நான்கு ஸ்குரூதானே.